10 மடங்கு கைலென்ஸ்: குமிழி எண்ணுகிறவள் சொல்வது

மூன்று வருஷமாக என் கழுத்தில் தொங்குகிற லென்ஸ் இது. 10 மடங்கு, மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்த டிரிப்லெட் வகை. இதற்கு முன் வாங்கியது, 30 மடங்கு என்று பொறித்த மலிவுச் சரக்கு. அதில் விளிம்பெல்லாம் வானவில் தெரியும். கறுப்புப் பாறையில் இல்லாத பச்சையைக் காட்டி, ஆலிவின் என்ற பச்சைக் கனிமம் இருப்பதாக அரைப் பக்கம் எழுத வைத்தது. அடித்துத் திருத்திய அந்தப் பக்கம் இன்னும் என் நோட்டில் இருக்கிறது.

என் வேலை பெட்டி-ஸ்பாட் எரிமலைப் பாறைகளோடு. (பெட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெட்டி என்றால் பிரெஞ்சில் சின்னது.) ஜப்பானுக்குக் கிழக்கே கடலடியில் கிடக்கும் ஆழமான பள்ளம் ஜப்பான் அகழி. அதற்குள் இறங்கும் முன் பசிபிக் கடலடியின் பாறைத் தட்டு வளைகிறது. வளைவில் விரிசல் விழ, அடியில் அஸ்தெனோஸ்பியரில் (தட்டுக்குக் கீழே இருக்கும் சூடான, இளகிய அடுக்கு) கொஞ்சமாகக் கிடக்கும் பாறை உருகல் அதன் வழியே கசிந்து மேலே வருகிறது. தட்டுக்கு வயது ஏறக்குறைய 13 கோடி வருஷம். அதன் முதுகில் முளைத்த இந்தக் குட்டி எரிமலைகளுக்கோ சில லட்சங்களிலிருந்து 80 லட்சம் சொச்சம் வரைதான். ஜப்பானிய ஆய்வாளர் நவோட்டோ ஹிரானோவின் குழுவினர் 2006-இல் இதை எழுதிய பிறகுதான் பலரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒருநாள் மேசையில் இரண்டு துண்டுகளை அருகருகே வைத்தேன். ஒன்று துளையிட்டு எடுத்த பழைய தட்டின் பசால்ட், அதாவது எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்புப் பாறை. இன்னொன்று ஷின்காய் 6500 நீர்மூழ்கி எடுத்து வந்த பெட்டி-ஸ்பாட் பாறை. வெறுங்கண்ணுக்கு இரண்டும் கரிக்கட்டை. லென்ஸைக் கண்ணோடு ஒட்டி, கல்லை இரண்டரை சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் கதை மாறும். முதலாவது இறுக்கமானது, வெடிப்புகளில் வெள்ளைக் கால்சைட் கனிமம். இரண்டாவது முழுக்கக் குமிழித் துளைகள், கடுகைவிடச் சின்னவை. துளைச் சுவரில் கண்ணாடிப் பளபளப்பு. 6,000 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 600 வளிமண்டல அழுத்தம். அந்த நசுக்கலிலும் நுரைத்திருக்கிறது என்றால் உள்ளே எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு இருந்திருக்க வேண்டும்!

நீர்மூழ்கி மேலாக இருப்பதைத்தான் பொறுக்கும். வண்டலுக்குள் பக்கவாட்டில் நுழைந்து உறைந்த பாறைப் படலம் எவ்வளவு என்று தெரிய, துளைதான் போட வேண்டும். அந்த ஆழத்துக்குக் குழாய் எட்டும். 2012-இல் ஜப்பானின் துளையிடும் கப்பலான சிக்யூ ஜப்பான் அகழியில் சுமார் 6,900 மீட்டர் நீருக்கு அடியில் துளையிட்டுக் காட்டியது. கோர் (துளையிலிருந்து உருளையாக எடுக்கும் மாதிரி) கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது வண்டலும் பாறையும் தொடுகிற கோட்டை. வண்டல் வெந்திருக்கிறதா, பாறை விளிம்பு சட்டென்று குளிர்ந்து கண்ணாடியாகியிருக்கிறதா, இரண்டுக்கும் 10 மடங்கே போதும்.

20 மடங்கும் இரவல் வாங்கிப் பார்த்தேன். கல் மூக்கை இடிக்கிற தூரம், பார்வைப் பரப்பு பருக்கை அளவு, கை சற்று நடுங்கினாலும் போச்சு. எல்இடி விளக்கு வைத்த மாடல் ஈரக் கல்லில் கண்ணைக் கூசவைக்கிறது. பக்கவாட்டில் ஒரு டார்ச் பிடித்தால் துளைகளின் நிழல் தானாக எழுந்து நிற்கும்.

குறை ஒன்று: மடிப்பு ஆணி ஆறு மாதத்துக்கொரு முறை தளர்கிறது. உப்புக் கையோடு தொடுவதால் கூடுதலாகவே. மற்றபடி ஐந்துக்கு நாலரை. கயிறு மட்டும் சிவப்பில் வாங்குங்கள். கறுப்புக் கயிற்றை பசால்ட் துண்டுகளுக்கு நடுவே வைத்துவிட்டு நான் தேடிய நேரத்தில் இரண்டு பெட்டி கோர் பார்த்து முடித்திருக்கலாம்.