கீர் ஹார்டியும் ராம்சே மெக்டொனால்டும்

இருவரும் ஸ்காட்லாந்தின் ஏழைத் தாய்மார்களுக்குப் பிறந்தவர்கள். பிரிட்டிஷ் தொழிற்கட்சியை வளர்த்தவர்கள். போன பாதைகள்தான் வேறு.

ஹார்டி பத்து வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார். காற்றோட்டக் கதவைத் திறந்து மூடியபடி இருளில் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. 1892இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தபோது, கனவான்களின் உயரத் தொப்பியைத் தவிர்த்துச் சாதாரணத் துணித் தொப்பியோடுதான் போனார். 1894இல் வேல்ஸ் சுரங்க வெடிப்பில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அரச குடும்பத்துக் குழந்தைக்கு வாழ்த்துத் தீர்மானம் கொண்டுவந்த அவையில், செத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார். மறுத்துவிட்டார்கள். கூச்சலுக்கு நடுவே தனியாளாக நின்று பேசினார். மறு ஆண்டே தொகுதியை இழந்தார்.

மெக்டொனால்டு அமைப்பாளர். 1903இல் லிபரல் கட்சியோடு அவர் செய்த ரகசியத் தேர்தல் உடன்பாடு இல்லாமல் 1906 தேர்தலில் தொழிற்கட்சிக்கு 29 இடங்கள் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. அந்தத் திறமையை ஹார்டியிடம் தேட முடியாது. 1924இல் மெக்டொனால்டு தொழிற்கட்சியின் முதல் பிரதமரானார். ஆனால் 1931இல் வேலையில்லாதோர் உதவித்தொகையை வெட்டத் துணிந்து, எதிர்க்கட்சிகளோடு கூட்டரசு அமைத்தார். கட்சி அவரை வெளியேற்றியது.

கட்சி கட்டும் கலைக்கு மெக்டொனால்டைப் படியுங்கள். யாருக்காகக் கட்சி என்று கேட்டால், நான் ஹார்டியின் பக்கம்தான்.