பட்டப்பெயர் பிசகாத பிரிக்பீல்ட்ஸ் அச்சகம்

கோயில், சங்க விழா அழைப்பிதழில் மாமன்னர், சுல்தான், ஆளுநர் பட்டங்கள் வருகின்றனவா? கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் உள்ள இந்தச் சிறு அச்சகத்தைத் தாராளமாக நம்பலாம். மெய்ப்புப் பார்ப்பவர் மலாய்ப் பட்டங்களை வேரோடு அறிந்தவர்.

மலேசிய மாமன்னரின் ‘யாங் டி-பெர்துவான் அகோங்’ பட்டத்தில் ‘துவான்’ என்றால் தலைவர், ‘டி-பெர்துவான்’ தலைவராக்கப்பட்டவர், ‘அகோங்’ மிகப் பெரிய. 1957இல் மலாயா விடுதலை பெற்றபோது, ஒன்பது மாநில ஆட்சியாளர்கள் தங்களுள் ஒருவரை 5 ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கும் முறையோடு வந்த பட்டம் இது. நெகிரி செம்பிலான் மாநில ஆட்சியாளர் ‘யாங் டி-பெர்துவான் பெசார்’. கடைசிச் சொல் மாறினால் ஆளே மாறிவிடுவார். இன்றைய மலாய் எழுத்துமுறையில் ‘அகுங்’தான், பட்டத்தில் மட்டும் பழைய ‘அகோங்’ நிலைத்திருக்கிறது. கணினியின் தானியங்கித் திருத்தம் கெடுப்பது இங்கேதான். இவர்கள் அதை அணைத்துவிட்டே தட்டச்சு செய்கிறார்கள், அருமையான பழக்கம்!

பெர்லிஸ் மாநில ஆட்சியாளர் ‘ராஜா’. பினாங்கில் சுல்தானே இல்லை. ஆளுநர் ‘யாங் டி-பெர்துவா நெகிரி’, கடைசியில் ‘ன்’ வராது. அவருக்கு அடைமொழி ‘துவான் யாங் தெருத்தாமா’. மாமன்னருக்குரிய ‘செரி படுக்கா பகிண்டா’வை அங்கே போடவே கூடாது. அந்தப் ‘படுக்கா’ நம் பாதுகைதான்.

அச்சுத் தரம் நன்று. தங்கத்தாள் அச்சில் மட்டும் சிறிய தமிழ் எழுத்தின் சுழிகள் அடைபடுகின்றன. 14 புள்ளிக்குக் குறையாமல் கேளுங்கள். நீண்ட பட்டத்தை வரி உடைக்காமல் அமைக்க அகல அட்டையே ஏற்றது.