'அன்வெல்' தொடர்: இரண்டு பக்கமும் பேசவிட்டால் போதுமா?

நெட்ஃப்ளிக்ஸில் 2020 ஆகஸ்ட்டில் வந்த, மாற்று வைத்தியங்களைப் பற்றிய 'அன்வெல்' ஆவணத் தொடரைப் பார்க்கலாமா என்று கேட்டால், ஆறு எபிசோடில் இரண்டை மட்டும் பாருங்கள் என்பேன். படமாக்கிய விதம் நன்றாகவே இருக்கிறது, வைத்தியம் தேடி அலைகிறவர்களை எங்கேயும் கேலி செய்யவில்லை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் தீராத நோயோடு பல வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு எழுந்ததும் என்ன செய்வார் என்று யோசித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எபிசோடுக்கு ஒரு விஷயம். நறுமண எண்ணெய், தந்த்ரா, உடம்பை முறுக்கேற்றத் தாய்ப்பால் குடிப்பது, நாள்கணக்கில் பட்டினி, மனமயக்கம் தரும் அமேசான் மூலிகைக் கஷாயமான அயவாஸ்கா, தேனீயைக் கொட்டவைத்துக்கொள்வது. ஆறுக்கும் ஒரே அச்சுதான். நம்புகிறவர் வருவார், அவருடைய வீடு, குடும்பம், தூங்காமல் கிடந்த இரவுகள், பின்னணியில் மெல்லிய இசை. நடுவில் ஒரு மருத்துவரோ விஞ்ஞானியோ நாற்காலியில் உட்கார்ந்து இதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்வார். மறுபடியும் நம்புகிறவரிடம் போய்விடுவோம். கடைசியில் முடிவை நம்மிடமே விட்டுவிட்டுப் படம் முடிந்துவிடும்.

இதைத்தான் நடுநிலை என்கிறார்கள். இரண்டு பேருக்கும் மைக் கொடுத்தாகிவிட்டது, சரி. ஆனால் ஒருவரோடு நாம் கூடவே இருந்து அழுது சிரித்திருக்கிறோம், இன்னொருவரின் பெயர்கூட மனதில் நிற்பதில்லை.

தேனீ எபிசோடில் இது நன்றாகத் தெரியும். இடுக்கியில் உயிருள்ள தேனீயைப் பிடித்து முதுகெலும்பை ஒட்டின தோலில் வைக்கிறார்கள். கொட்டியதும் கொடுக்கு தோலிலேயே தங்கிவிடும், தேனீ செத்துவிடும், சுற்றிலும் சிவந்து தடிக்கும். இதைத் தாங்கிக்கொள்கிறவர்களில் லைம் நோய்க்காரர்கள் இருக்கிறார்கள், உண்ணி கடித்து வரும் நோய் அது. ஆன்டிபயாடிக் முடிந்த பிறகும் வலியும் அசதியும் சிலருக்கு மாதக்கணக்கில் போகாது, இதெல்லாம் உங்கள் மனதில்தான் என்று சொல்லக் கேட்டுக் கேட்டு வெறுத்துப் போனவர்கள் அதில் நிறையப் பேர். அவர்கள் தேனீயிடம் போவது எனக்குப் புரிகிறது. ஆபத்தைப் பற்றியும் படம் பேசுகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆபத்தை வாயால் சொல்கிறார்கள், குணமானதைக் கண்ணால் காட்டுகிறார்கள். பார்க்கிறவர் மனதில் எது தங்கும்?

ஸ்பெயின் மருத்துவர்கள் 2018இல் வெளியிட்ட ஓர் அறிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். 55 வயதுப் பெண் ஒருவர், இரண்டு வருடமாக மாதம் ஒரு முறை தேனீக் கொட்டு எடுத்துக்கொண்டவர், அதுவரை எந்தத் தொந்தரவும் இல்லை. ஒரு நாள் கொட்டியதும் மூச்சிரைப்பு, மயக்கம், பக்கவாதம், கோமா, சில வாரத்தில் மரணம். இவ்வளவு நாள் ஒன்றும் ஆகவில்லையே என்பது இதில் பாதுகாப்பே கிடையாது, ஏனென்றால் திரும்பத் திரும்ப விஷம் ஏறும்போது உடம்பு அதற்கு எதிராகத் தயாராகிவிடக்கூடும். இதே விஷத்துக்கு நிரூபிக்கப்பட்ட மருத்துவப் பயனும் உண்டு. தேனீ அலர்ஜி உள்ளவர்களுக்குத் துளியிலும் துளியாக ஆரம்பித்து, மருத்துவர் கண்காணிப்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, வருடக்கணக்கில் ஊசி போடுகிறார்கள், பலன் கிடைக்கிறது. தேனீ விஷத்தில் பாதியளவு இருக்கும் மெலிட்டின் என்ற பொருள் லைம் கிருமியைக் கொல்கிறது என்று 2017இல் ஒரு ஆய்வு வந்ததும் உண்மைதான். ஆனால் அது ஆய்வகத் தட்டில் நடந்தது. பிளீச்சிங் பவுடர் கரைசலும் தட்டில் கிருமியைக் கொல்லும்.

அப்புறம் கேமராவுக்கு முன்னால் வருகிறவர்கள் யார் என்ற கேள்வி இருக்கிறது. இந்த வகைப் படங்கள் எல்லாவற்றிலும் என்னை உறுத்துவது இதுதான். குணமானவர் பேச வருவார், ஆறு மாதம் செய்து பார்த்து ஒன்றும் ஆகாமல் விட்டுவிட்டவர் பேட்டி கொடுக்க வரமாட்டார், செத்துப்போனவர் வரவே முடியாது. நாள்பட்ட வலி ஏறியும் இறங்கியும்தான் போகும், தாங்கவே முடியாத உச்சத்தில்தான் புது வைத்தியத்துக்கு ஓடுவோம், அடுத்து அது தானாக இறங்கினாலும் பெயர் வைத்தியத்துக்குப் போகும். இதை ஒரு நிமிடத்தில் வரைபடம் போட்டு விளக்கியிருக்கலாம். விளக்கியிருந்தால் ஆறு எபிசோடையும் வேறு கண்ணோடு பார்த்திருப்போம்.

எண்ணெய் எபிசோட் இதைவிட மேல், ஏனென்றால் அதில் பணம் எப்படி ஓடுகிறது என்று காட்டுகிறார்கள். ஆள் சேர்த்து, அவருக்குக் கீழே இன்னும் ஆள் சேர்த்து விற்கும் எம்எல்எம் முறை. விற்கிறவரே நோயாளி, நோயாளியே சாட்சி, சாட்சியே அடுத்தவரைச் சேர்க்கிறவர். இந்த ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் அவர்கள் சொல்லும் அனுபவத்தை எடைபோடுவது சுலபம். எண்ணெய் விற்கும் இரண்டு பெரிய நிறுவனங்கள், யங் லிவிங்கும் டோட்டெராவும், அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவிடம் 2014இல் எச்சரிக்கைக் கடிதம் வாங்கின. அவற்றின் விநியோகஸ்தர்கள் எபோலாவுக்கே எண்ணெய் நல்லது என்று பரப்பிக்கொண்டிருந்தார்கள். ஆட்டிசம் உள்ள மகளுக்காக எண்ணெயை நாடும் அம்மா ஒருவர் படத்தில் வருகிறார், அவர் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் மனம் இளகும். அந்த இளக்கத்தை வைத்துத்தான் வியாபாரமே நடக்கிறது என்பதை நேராகச் சொல்லும் தைரியம் படத்துக்கு வரவில்லை. எண்ணெய் என்றாலே ஏமாற்று என்றும் நான் சொல்லவில்லை. குடல் எரிச்சல் நோய்க்குப் பெப்பர்மின்ட் எண்ணெய் கேப்ஸ்யூல் பலன் தருகிறது என்று முறையான சோதனைகள் இருக்கின்றன. எது வேலை செய்கிறது, எது இல்லை என்று பிரித்துக் காட்டியிருந்தால் இந்த எபிசோட் எவ்வளவு பயன்பட்டிருக்கும்!

தாய்ப்பால் எபிசோடைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஆன்லைனில் வாங்கிய 101 தாய்ப்பால் மாதிரிகளைச் சோதித்து 2013இல் ஒரு ஆய்வு வந்தது, முக்கால்வாசியில் கிருமி அளவு மோசமாக இருந்தது. 2015இல் அதே குழு மறுபடி சோதித்தபோது பத்தில் ஒரு மாதிரியில் பசும்பால் கலந்திருந்தது. தாய்ப்பால் வங்கிகள் கொடையாளியைப் பரிசோதித்து, பாலைப் பாஸ்டரைஸ் செய்துதான் கொடுக்கின்றன, அந்தப் பால் முதலில் போய்ச் சேர வேண்டியது குறைமாதக் குழந்தைகளுக்கு. பட்டினி எபிசோடுக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்: பல நாள் வெறும் தண்ணீரில் இருந்தவருக்குச் சாப்பிடாத நாட்கள் மட்டும் ஆபத்தில்லை, மறுபடி சாப்பிட ஆரம்பிக்கும் நாட்களில் ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கி இதயத்தையே பாதிக்கலாம். அயவாஸ்காவில் எம்ஏஓ என்ற என்சைமைத் தடுக்கும் பொருட்கள் இருக்கின்றன, மனச்சோர்வுக்கு எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரை சாப்பிடுகிறவர் அதைக் குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். அதைத் தேடிப் போகிறவர்களில் மனச்சோர்வுக்காரர்களும் இருப்பதால், இந்தத் தகவல் எபிசோடின் முதல் ஐந்து நிமிடத்தில் பெரிய எழுத்தில் வந்திருக்க வேண்டும்.

2020 ஜனவரியில் வந்த 'தி கூப் லேப்' தொடரோடு ஒப்பிட்டால் 'அன்வெல்' எவ்வளவோ தேவலை. அது நடிகை க்வினெத் பேல்ட்ரோவின் கூப் நிறுவனம் தன் ஊழியர்களையே வைத்து எடுத்தது. இது மருத்துவ ஆலோசனை இல்லை என்று ஆரம்பத்தில் ஒரு வரி போட்டுவிட்டு மற்றதெல்லாம் ஆலோசனை மாதிரியேதான் போகிறது. பெண்ணுறுப்புக்குள் வைத்துக்கொள்ளும் ஜேட் கல் முட்டையைப் பற்றி ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததற்காக 2018இல் கலிஃபோர்னிய அரசு வழக்கறிஞர்களிடம் 1,45,000 டாலர் கட்டிய நிறுவனம் அது. இருந்தாலும் அதில் ஒரு எபிசோடை நான் மதிக்கிறேன், நெதர்லாந்துக்காரர் விம் ஹோஃபின் மூச்சுப் பயிற்சியும் குளிர்நீர்க் குளியலும் வரும் எபிசோட், ஏனென்றால் அதற்குப் பின்னால் உண்மையிலேயே ஒரு சோதனை இருக்கிறது. நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெற்ற 12 பேருக்கும் பெறாத 12 பேருக்கும் பாக்டீரியா நச்சை ஊசியில் ஏற்றிப் பார்த்து, பயிற்சி பெற்றவர்களுக்குக் காய்ச்சல் அறிகுறி குறைவு என்று 2014இல் வெளியிட்டார்கள். 24 ஆரோக்கியமான இளைஞர்கள், ஒரே ஒரு நாள் சோதனை. அங்கிருந்து பெரிய பெரிய நோய்களுக்குத் தாவுவதற்கு அதில் இடமே இல்லை. வேகமாக மூச்சுவிட்டபின் தண்ணீருக்குள் மூழ்கினால் நினைவு தப்பிவிடும் ஆபத்தும் உண்டு.

நான் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்றால், புற்றுநோய் என்று வரும்போது இந்த விளையாட்டு எங்கே போய் முடிகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பரவாத நிலையிலிருந்த புற்றுநோய்க்கு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய 281 பேரை யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டு 2018இல் வெளியிட்டார்கள். இறக்கும் ஆபத்து இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் ஐந்தரை மடங்குக்கும் மேல். குணப்படுத்தக்கூடிய கட்டத்தில் இருந்தவர்கள் அவர்கள்.

முதலில் எண்ணெய், அடுத்து தேனீ, இந்த வரிசையில் பாருங்கள். உடம்பு முடியாத ஒருவர் வீட்டில் இருந்தால் அவரைத் தனியாகப் பார்க்கவிடாதீர்கள், கூட உட்காருங்கள். ஒவ்வொருவர் பேசி முடித்ததும் நிறுத்திவிட்டு, இவர் வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார், இதை விற்று யாருக்குக் காசு வருகிறது, ஒரு வருடம் கழித்து இவர் எப்படி இருந்தார் என்று கேட்டுப்பாருங்கள். மூன்றாவது கேள்விக்குப் படத்தில் பெரும்பாலும் பதில் கிடைக்காது. தயாரிப்பாளர்கள் இரண்டாவது சீசன் எடுப்பதாக இருந்தால், புது வைத்தியம் எதையும் தேட வேண்டாம், இதே ஆட்களிடம் கேமராவோடு திரும்பப் போனால் போதும்.