கண்காட்சியில வாட்டர் பம்ப் எடுக்கப் போறவையள் கவனம், 68,000 ரூபா போச்சு

68,000 ரூபா. 3 இஞ்சி பெற்றோல் வாட்டர் பம்ப். எடுத்து ஒன்பதாம் நாள் கொட்டிலில கிடக்குது.

திருகோணமலையில தம்பலகாமப் பக்கம் நடந்த விவசாய இயந்திரக் கண்காட்சியில எடுத்தது. கோயில் திருவிழாவுக்குத் திரண்ட மாதிரிச் சனம். கந்தளாய், கிண்ணியா, மூதூர் ஆக்கள் எல்லாம் அங்கதான். பிள்ளையள் ட்ராக்டர் சீட்டில, பெரியாக்கள் நிழலில விதைநெல் கதை. தெரிஞ்ச முகங்களுக்கு நடுவில ஆருக்குச் சந்தேகம் வரும்? சேல்ஸ் பெடியன் தேத்தண்ணி வாங்கித் தந்து, "ஐயா, கோளாறு எண்டா நானே வயலுக்கு வாறன்" எண்டான். பில்லை வாசிக்காமலே மடிச்சு வச்சாச்சு. அதில "வாட்டர் பம்ப் 1" மட்டும். எஞ்சின் நம்பரும் இல்லை, வாரண்டிக் காலமும் இல்லை.

அங்க ஓட்டிக் காட்டினது பரலுக்குள்ள ஹோஸ் விட்டு. இரண்டடி உயரம், எந்தப் பழசும் இழுக்கும். இங்க கிணத்தில தண்ணி 16 அடியில. நல்ல பம்புக்கு 7 மீற்றர், அதாவது 23 அடி வரை பிரச்சினை இல்லை. இது இருமி இருமிக் கொஞ்சம் எடுத்திட்டு நிண்டுது. ஹோஸ் கிளிப் இறுக்கி, ஹோஸ் நுனியில தண்ணி திரும்பிப் போகாம மறிக்கிற ஃபுட் வால்வ் மாத்தி, பம்புக்குள்ள தண்ணி நிரப்பியும் அதே கதை. எஞ்சினுக்கும் பம்புக்கும் நடுவில சொட்டுச் சொட்டா ஒழுக்கு. எஞ்சின் தண்டு பம்புக்குள்ள போற இடத்தை அடைக்கிற மெக்கானிக்கல் சீல் போனா அப்பிடித்தான்: நிண்டா தண்ணி வெளிய, ஓடினா காத்து உள்ள.

போன் எடுத்தா "நாளைக்கு வாறன்". மறுபடி எடுத்தா "கடைக்குக் கொண்டு வாங்கோ". ஓட்டோவில ஏத்திக் கொண்டு போனா, "தண்ணியில்லாம ஓட்டியிருக்கிறீங்கள், சீலுக்கு வாரண்டி இல்லை, ஷோ விலைச் சாமான் திருப்பி எடுக்கிறேல்ல". இப்ப போனே எடுக்கிறாங்களில்லை.

பிறகு மெக்கானிக்கிட்டக் கழட்டினது. சீல் முகம் கருகிக் கிடக்குது. போல்ட் தலையெல்லாம் முதலே ஸ்பனர் பட்ட அடையாளம். டெமோவுக்குத் தண்ணியில்லாம முறுக்கின மெசினைத் துடைச்சுத் தந்திருக்கிறாங்கள், வேற என்ன? ஸ்டிக்கரில எஞ்சின் அளவு 196 சீசீ. ஹெட்டைக் கழட்டி வேர்னியர் பிடிச்சு அளந்தா போர் (சிலிண்டர்த் துளையின்ர அகலம்) 68 மில்லிமீற்றர் சரி, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கிற தூரம்) 45 தான். 196க்கு 54 வேணும். இது 163 சீசீ. அதுவும் கெட்ட எஞ்சின் இல்லை, 3 இஞ்சி பம்பை ஓட்டும். ஆனா 68,000 எண்ணி வாங்கினது 196 எண்டு சொல்லியெல்லோ!

என்னென்ன பாக்கவேணும் எண்டு விபரமா எழுதத்தான் இருந்தது, ஆத்திரத்தில வருகுதில்லை. எஞ்சின் உடம்பில வெட்டின நம்பர் பில்லில இருக்கவேணும். பழைய ரியூப் துண்டொண்டு கொண்டு போங்கோ. பம்புக்குள்ள தண்ணி நிரப்பி ஓடவிட்டு, இழுக்கிற வாயை அதால மூடுங்கோ, கையால வேண்டாம். விடாமக் கவ்விப் பிடிச்சாத்தான் சீல் சரி. முழுக்காசையும் மைதானத்தில குடுக்காதேங்கோ. முறைப்பாட்டுக்கு நுகர்வோர் விவகார அதிகார சபை, போன் நம்பர் 1977.

அதே ஆக்கள் அடுத்த கிழமை வேற மைதானத்தில கடை போடுறாங்களாம்.