ஏ4 ஒயிட்போர்டு: கட்டுரை வகுப்புக்குத் தேறுமா?

புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடையில் மொத்தமாக வாங்கிய கையடக்க ஒயிட்போர்டுகள் இவை. ஏ4 அளவு. ஒரு பக்கம் வெறும் வெள்ளை, மறுபக்கம் கோடு போட்டது. மூடியில் பஞ்சு ஒட்டிய மார்க்கரும் கூடவே வரும். கடலூரில் கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கட்டுரையும் கடிதமும் எழுதச் சொல்லித் தருகிறவள் நான். அந்த வேலைக்கு இது தேறுமா என்பதை மட்டும் சொல்கிறேன். மளிகைக் கணக்கு எழுதி மாட்டி வைக்க எந்தப் பலகையும் போதும்.

அறுபது பேர் வகுப்பில் "ஒரு வாக்கியம் சொல்லுங்க" என்றால் முன்பெஞ்சில் நாலு பேர்தான் வாய் திறப்பார்கள். முதலில் தனியாக யோசி, பக்கத்தில் இருப்பவரிடம் பேசு, அப்புறம் வகுப்புக்குச் சொல் என்று ஒரு முறை உண்டு. அமெரிக்கக் கல்வியாளர் ஃபிராங்க் லைமன் 1981-இல் முன்வைத்தது. நல்ல முறைதான். ஆனால் நம் பிள்ளைகளைப் பேசச் சொன்னால் பேச்சு எங்கெங்கோ போய்விடும், நோட்டில் ஒரு வரிகூட ஏறாது. இருவருக்கு ஒரு பலகை கொடுத்த பிறகு, எதைப் பேசினாலும் அதைப் பலகையில் எழுதித் தூக்கிக் காட்டியாக வேண்டும். தப்பிக்க வழியில்லை.

ஒரு நாள் 'எங்கள் ஊர்க் கடற்கரை' என்று தலைப்புக் கொடுத்து, முதல் வாக்கியம் மட்டும் எழுதச் சொன்னேன். பலகைகள் மேலே எழுந்தன. பாதிக்கு மேல் "கடலூர் மாவட்டத்தில் அமைந்துள்ள சில்வர் பீச் மிகவும் அழகானது" என்ற ஒரே வாக்கியம். ஒரு சில பலகைகளில் 'உலகப் புகழ்பெற்ற' வேறு சேர்ந்திருந்தது. கடைசி வரிசையில் தாழங்குடாப் பெண் ஒருத்தி மட்டும், "எங்கள் வாசலில் தினமும் கூட்டுவது கடல் மணல்தான்" என்று எழுதியிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் திரும்பி அந்தப் பலகையைப் படித்தார்கள். உடனே ஒரு பையன், "அம்மா, அழிச்சிட்டு வேற எழுதிக்கலாமா?" என்றான். நோட்டில் எழுதியதைத் திருத்தச் சொன்னால் முகம் சுளிக்கிற அதே பிள்ளைகள், அன்று நான் சொல்லாமலே அழித்தார்கள். போட்ட காசு அங்கேயே வசூல்.

இனி குறைகள். பரப்பு மெலமைன் பூச்சுதான். சில நாள் அழிக்காமல் விட்டால் எழுத்து நிழல் போலப் படிந்துவிடும். கைக்கு வைத்திருக்கும் சானிடைசரைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போகும். யாராவது பெர்மனென்ட் மார்க்கரால் கிறுக்கிவிட்டால், அதன் மேலேயே ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதி ஈரம் காயும் முன் துடைக்க வேண்டும், பெரும்பாலும் வந்துவிடும். கூட வருகிற மார்க்கர் படுமோசம். நம் ஊர் வெயிலில் மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் கதை பேசினால் முனை காய்ந்துவிடுகிறது. மூடிப் பஞ்சோ சீக்கிரமே பிய்ந்து வருகிறது. இடக்கைப் பிள்ளைகளுக்கு இன்னும் தொல்லை: கை நகர நகர எழுதியதெல்லாம் அழிந்துகொண்டே போகும். அவர்களை எழுத விடாமல், ஜோடியில் மற்றவரை எழுத வைக்கிறேன்.

பெரிய குறை, மார்க்கரின் தடித்த முனை. 'கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதினாலே பாதி வரி போய்விடும். நாலு வரிக்கு மேல் ஏறாது. அதனால் பத்தி எழுத இது உதவாது. தொடக்க வாக்கியம், தலைப்பு, கடிதத்தின் 'பொருள்' வரி, ஒற்று மிகும் இடங்கள், நீண்ட வாக்கியத்தை இரண்டாக உடைப்பது, இவற்றோடு சரி. அழித்தால் முதல் வரைவும் போய்விடும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். எழுத்து வகுப்பில் எது மாறியது என்று பார்க்க அந்த வரைவு வேண்டும். அழிக்கும் முன் ஒருவர் போனில் படம் எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. பத்தி என்று வந்தால் பழையபடி தாளும் பேனாவும்தான்.

இப்படிப் பிள்ளைகளைச் செய்யவைத்துக் கற்பிப்பதால் பலன் உண்டா என்று கேட்கும் சக ஆசிரியர்களுக்கு: 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் அமெரிக்காவில் வந்த கட்டுரை, வெறும் விரிவுரை வகுப்பில் தோல்வியடையும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு என்றது. ஆனால் அது அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களைப் பற்றியது. கட்டுரை வகுப்புக்கு அப்படியே கொண்டுவந்து பொருத்த மாட்டேன்.

ஆளுக்கு ஒன்று வாங்காதீர்கள், இருவருக்கு ஒன்று போதும். தனித்தனியாகக் கொடுத்தால் பேச்சே நின்றுவிடுகிறது. கூட வரும் மார்க்கரை நம்பாமல் மெல்லிய முனை மார்க்கர் தனியாக வாங்கி, படுக்கை வாட்டில் வையுங்கள். பஞ்சுக்குப் பதில் பழைய பனியன் துணி. கைக்காசைப் போடுகிறவர்கள் முதலில் ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாள்களை லேமினேட் செய்து பாருங்கள். கொஞ்சம் வளையும், பரீட்சை அட்டையில் கிளிப் போட்டுவிட்டால் பிரச்சினையில்லை. விலையும் பலகையைவிட மிகக் குறைவு. அடுத்த ஆண்டு நான் அதைத்தான் செய்யப்போகிறேன்.