லைன் கிடைக்காத அழைப்பு எங்கே போகிறது? எர்லாங் பி, எர்லாங் சி, சிமுலேஷன்

நெரிசலான ஒரு மணி நேரத்தில் 180 அழைப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம் நீடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கி 60-ஆல் வகுத்தால் 9. அதாவது சராசரியாக எந்த நேரத்திலும் 9 அழைப்புகள் பேச்சில் இருக்கும். இதைத்தான் 9 எர்லாங் சுமை என்கிறோம். அப்படியானால் 9 லைன் போதுமே என்று தோன்றும். போட்டுப் பார்த்தால் நூற்றுக்கு 22 அழைப்புகள் லைன் கிடைக்காமல் போகும்.

இந்தக் கணக்குக்கு வழி சொன்னவர் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த ஏ. கே. எர்லாங். 1917-இல் அவர் தந்த இரண்டு சூத்திரங்களும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. எதை எடுப்பது என்பதற்கு ஒரே கேள்விதான்: லைன் கிடைக்காதவர் என்ன செய்கிறார்?

பிஸி டோன் கேட்டு விலகிவிடுகிறார் என்றால் எர்லாங் பி. ட்ரங்க் லைன்களுக்கு, அதாவது எக்ஸ்சேஞ்சுகளை இணைக்கும் பொது லைன்களுக்கு, இதுதான் சரி. எக்செலில் ஒரே நெடுவரிசையில் போட்டுவிடலாம். 1-இல் தொடங்குங்கள். ஒவ்வொரு வரியிலும் முந்தைய விடையை 9-ஆல் பெருக்குங்கள்; வந்த எண்ணோடு வரி எண்ணைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் பெருக்கி வந்த எண்ணை வகுக்க வேண்டும். முதல் வரியில் 0.9, இரண்டாவதில் 0.802 என்று இறங்கி, 15-வது வரியில் 0.02-க்கு வந்து நிற்கும். அதாவது 15 லைன் போட்டால் இழப்பு 2%. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று: சிலர் அரை நிமிடம், சிலர் இருபது நிமிடம் என்று எப்படிப் பேசினாலும் சராசரி மாறாதவரை விடை மாறாது.

வரிசையில் காத்திருக்கிறார் என்றால் எர்லாங் சி. அதே 9 எர்லாங்கை ஒரு கால் சென்டருக்குப் போட்டால், 10 ஏஜென்ட் இருக்கும்போது சராசரிக் காத்திருப்பு 2 நிமிடம். 11 பேர் என்றால் சுமார் 39 நொடி, 12 பேர் என்றால் 16 நொடி. ஒரே ஒரு ஆளைக் கூட்டினால் எவ்வளவு இறங்குகிறது பாருங்கள்! ஆனால் பி-க்கு இருக்கும் அந்தச் சுதந்திரம் இதற்கு இல்லை, பேசும் நேரம் எப்படிப் பரவியிருக்கிறது என்பது விடையைப் பாதிக்கும். யாருமே பொறுமை இழந்து போனை வைக்கமாட்டார்கள் என்றும் இது நம்புகிறது. அதனால் காத்திருப்பை வழக்கமாகக் கூட்டியே காட்டும்.

சரி, லைன் கிடைக்காதவர் உடனே மறுபடி அடித்தால்? பி-யின் 2% அப்போது நிஜத்தைவிடக் குறைவாகத் தெரியும். மறுஅழைப்பு, மணிக்கு மணி மாறும் சுமை, ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடுவது எல்லாம் சேர்ந்து வந்தால், கணினியில் அழைப்புகளைப் போலியாக ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனுக்குத்தான் போக வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். பத்தாயிரத்தில் ஒரு இழப்பை அளக்க லட்சக்கணக்கான அழைப்புகளை ஓட்ட வேண்டும், அதையும் பல தடவை.

இணையத் தரவுக்கு மட்டும் இந்த இரண்டு சூத்திரங்களையும் அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அமெரிக்கத் தொலைபேசி ஆய்வு நிறுவனமான பெல்கோரின் ஆய்வாளர்கள் 1989 முதல் 1992 வரை ஈதர்நெட் என்ற உள்ளூர்க் கணினி வலையமைப்பை அளந்தபோது, பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) தொலைபேசி அழைப்புகளைப் போல வருவதில்லை என்பது தெளிவாகவே தெரிந்துவிட்டது.

சிமுலேஷனே எழுதினாலும் முதலில் மறுஅழைப்பை நிறுத்திவிட்டு, 9 எர்லாங், 15 லைன் கொடுத்து ஓட்டுங்கள். 2%-ஐ ஒட்டி வரவில்லை என்றால் பிழை புரோகிராமில் இருக்கிறது.