ஹட்டன் பிஎச்பி வகுப்பு: சேரலாமா?

ஹட்டனில் சனிக்கிழமை நடக்கும், இணையத்தளங்கள் எழுதப் பயன்படும் பிஎச்பி நிரல் மொழி வகுப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: தாராளமாகச் சேருங்கள். படிப்பிக்கும் சேர் எடுத்த எடுப்பில் கிளாஸ் (தரவையும் அதைக் கையாளும் நிரலையும் ஒன்றாகக் கட்டும் அச்சு), ஒப்ஜெக்ட் (அந்த அச்சில் வார்த்தது) என்று மிரட்டுவதில்லை. தேயிலைக் கொழுந்து நிறையைப் பதியும் ஒரு இணையப் பக்கத்தை முதலில் வெறும் ஃபங்ஷன்களால், அதாவது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிறு நிரல் துண்டாக, எழுத வைக்கிறார். படிவத்தை வாங்கு, சரிபார், டேட்டாபேஸில் போடு. மேலிருந்து கீழே வாசித்தாலே புரிகிறது. அப்புறம் காலை நிறை, மாலை நிறை, கழிவு, ஆளின் பெயர் எல்லாம் சேரச் சேர, ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் அதே மாறிகளை (மதிப்புகளைத் தாங்கும் பெயர்களை) திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில்தான் கிளாஸை எடுக்கிறார். தேவை தெரிந்த பிறகு வருவதால் மனதில் நிற்கிறது.

2004இல் வந்த பிஎச்பி 5இல்தான் ஒப்ஜெக்ட் வசதி உருப்படியானது என்பதையும் சொல்கிறார். டேட்டாபேஸோடு பேச உதவும் மைஎஸ்கியூஎல்ஐயை ஃபங்ஷன், ஒப்ஜெக்ட் என்ற இரண்டு முறையிலும் எழுதிக் காட்டுகிறார்; அதே வேலைக்கான பிடிஓவில் ஒப்ஜெக்ட் வழி மட்டும்தான்.

குறை என்றால், ஒரு கிளாஸின் வசதிகளை இன்னொரு கிளாஸ் பெறும் இன்ஹெரிட்டன்ஸை அவசரமாக முடித்துவிடுகிறார். லாரவெல் என்ற பிஎச்பி கட்டமைப்பைப் பழக நினைப்பவர்களுக்கு அது போதாது. மழை நாளில் கரண்ட் போனால் வகுப்பு அப்படியே நின்றுவிடுகிறது. கட்டாயம் யூபிஎஸ் வாங்க வேண்டும். சின்னத் தளத்துக்கு ஃபங்ஷன்களே போதும் என்று ஒளிக்காமல் சொல்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.